சுவருக்குள் தீக்கு வழி விடாதீங்க
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழுக்கள்ல பலபேர் கடன் வாங்கி வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்க. செலவும் குறையணும், வெயில் சூடும் உள்ளே வரக்கூடாதுன்னு எலிப்பொறிக் கட்டு பற்றி விசாரிக்கிறீங்க. மேஸ்திரிகள் இதை 'ரேட் டிராப்' என்பார்கள்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது இந்த முறை. 9 அங்குலச் சுவரில் நடுவே சுமார் 3 அங்குலம் காலியாக இருக்கும். கேரளத்தில் லாரி பேக்கர் பல வீடுகளை இப்படிக் கட்டினார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். நடுவில் இருக்கிற காற்றே சூட்டைக் குறைக்கும். நல்ல முறைதான்.

ஆனா, "அந்தச் சந்துல தெர்மாகோல் போட்டா இன்னும் குளிர்ச்சி"ன்னு யாராவது சொன்னா உடனே சரின்னு தலையாட்டாதீங்க. தெர்மாகோல் ஒரு பிளாஸ்டிக். 100 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகிடும். தீப்பிடிச்சா உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். கரண்ட் வயர் அதில் பட்டுக்கொண்டே இருந்தால், வயரின் பிளாஸ்டிக் உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். சுவருக்குள் பிடிக்கிற தீ நம்ம கண்ணுக்குத் தெரியாது. மேலே திறந்த சந்து, அடுப்புப் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும்.

இது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு ஒரு சம்பவம் சொல்றேன். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கட்டடத்தில், 4-வது மாடி வீட்டு பிரிட்ஜில் தீப்பிடித்தது. வெளிச்சுவரில் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் கலந்த பலகைகள், அவற்றுக்குப் பின்னால் இருந்த இடைவெளி வழியாக அது உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அது செங்கல் சந்துச் சுவர் இல்லை. ஆனால் எரியும் பொருளும் திறந்த சந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்கும் பாடம்தான்.

செங்கல் சந்துச் சுவருக்கு இங்கிலாந்து விதி என்ன சொல்கிறது? இரண்டு பக்கமும் குறைந்தது 75 மில்லிமீட்டர், அதாவது 3 அங்குலக் கனத்தில் செங்கல் அல்லது கான்கிரீட் இருக்க வேண்டும். சந்தின் மேல்பக்கமும், கதவு ஜன்னல் ஓரங்களும் அடைபட்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால் சந்துக்குள் தனியாகத் தீத்தடுப்பு தேவையில்லை.

நம்ம வீட்டுக்கு மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை:

1. அடிவரிசை, ஜன்னல் அடி, லிண்டல், கூரை மட்டம் இந்த இடங்களில் சந்து இல்லாமல் கெட்டியாகக் கட்டணும்.
2. கதவு, ஜன்னல் ஓரங்களை அடைக்கணும்.
3. சந்தைக் காலியாக விடுங்க. தெர்மாகோல், உமி, தேங்காய் நார், பழைய சாக்கு எதுவும் வேண்டாம். நிரப்பியே ஆகணும்னா எரியாத ராக்வூல் போதும்.
4. வயரைக் குழாய்க்குள் விட்டு, சுவிட்ச் பெட்டியைச் சுற்றிச் சிமெண்ட் பூசணும்.
5. அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரில் ஓட்டை, விரிசல் இருக்கக்கூடாது.

சுவரில் சூடோ, சுவிட்ச் பெட்டியில் புகையோ தெரிந்தால் தண்ணீர் ஊற்றாதீங்க. முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு, குழந்தைகளோடு வெளியே வந்து 101-க்குப் போன் பண்ணுங்க.

மேஸ்திரியிடம் கேள்வி கேட்கக் கூச்சம் வேண்டாம். கடன் பத்திரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அந்தச் சுவருக்குள் தூங்கப்போவது உங்கள் பிள்ளைகள். சுவர் எழும்பி மூடுவதற்கு முன்னால், குழுவில் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.