இறந்துபோன தாயின் நகை யாருக்கு?

(வியாபாரிகளுக்கும் இளைஞர்களுக்குமான மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனைவியை இழந்தவர் மறுமணம் செய்வதை யாரும் குறை சொல்ல முடியாது. மார்க்கம் அனுமதித்த காரியம். ஆனால் நிக்காஹுக்குத் தேதி குறிக்கும் முன் பீரோவைத் திறந்து பார்த்தீர்களா? அதில் இருக்கும் நகை யாருடையது?

"என் மனைவியின் நகை, ஆகவே என்னுடையது" என்கிறீர்கள். இல்லை சகோதரரே! அவர் மவுத்தான அந்த நிமிடமே அது வாரிசுகளின் சொத்தாகிவிட்டது. கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியது 48 பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர், அந்தப் பெண்ணின் தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்குக் கால் பாகம், 12 பவுன். தாய்க்கு ஆறில் ஒன்று, 8 பவுன். மீதி 28-ல் மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்களைத் திறந்து நீங்களே சரிபாருங்கள்.

ஆக, 48-ல் 36 பவுன் உங்களுடையதல்ல. அதைத்தான் புதுப்பெண்ணின் கழுத்தில் போட்டு அழகு பார்க்கிறீர்கள். மாமியார் கேட்க மாட்டார். மகளையே பறிகொடுத்தவர் நகைக்காக உங்கள் வாசலில் வந்து நிற்பாரா? கேட்காததால் அவருடைய ஹக்கு இல்லாமல் போய்விடுமா?

மஹர் பாக்கி இருந்தால் அதுவும் அந்த மனைவி விட்டுச்சென்ற சொத்துதான். ஜனாஸாவின் முன் நின்று மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடாது. (வரதட்சணை வாங்கியவர்களுக்கு மஹர் நினைவே இருக்காது. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.)

புதிதாக வரும் பெண் விதவை. கையில் ஒரு மகன். உங்களை "வாப்பா" என்றே அழைத்து வளர்கிறான். நாளை உங்கள் சொத்தில் அவனுக்குச் சல்லிக்காசு வாரிசுரிமை கிடையாது. அவனைத் தெருவில் விடச் சொல்கிறதா மார்க்கம்? வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பாகம் வரை வஸிய்யத் செய்யும் வாசல் திறந்தே இருக்கிறது. அதிகமாகக் கொடுக்க விரும்பிய ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தி, அதுவே அதிகம்தான் என்றார்கள். அந்தப் பையனுக்கு அவனுடைய தகப்பன் விட்டுச்சென்ற சொத்து இருந்தால் உங்கள் கல்லாப் பணத்தோடு அதைக் கலந்துவிடாதீர்கள். அது யதீமின் சொத்து.

கடைக்கு வருவோம். இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் மூத்த தாரத்தின் மகன். இளைய தாரத்தின் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். கடை உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்குப் பின் இருவருக்கும் சம பங்குதான். மூத்தவனின் உழைப்புக்குத் தனிக் கணக்கு வராது. "கடை எனக்கு" என்று அவன் தம்பியோடு கோர்ட்டுக்குப் போவதற்கு முன், உயிரோடு இருக்கும்போதே அவனைக் கூட்டாளியாக்கிப் பத்திரம் எழுதுங்கள். இல்லையென்றால் சம்பளமாவது போடுங்கள். வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் செல்லாது. ஹிபா கொடுக்கலாம். வயது வந்தவனுக்கு என்றால் அவன் ஏற்று, பொருள் அவன் கைக்குப் போக வேண்டும். ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிந்து வைப்பதே உத்தமம். ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சாட்சி கேட்டு வந்த பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) கேட்டதையும், சாட்சி சொல்ல மறுத்ததையும் நினைவில் வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மனைவியை இழந்தவரின் மறுமணத்தைப் பதிவேட்டில் எழுதும்போது, முதல் மனைவியின் சொத்து பிரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அவர்கள் பங்கு நகையை எடை போட்டு, இரண்டு சாட்சிகளோடு எழுதி, லாக்கரில் வைக்கச் சொல்லுங்கள். எழுதியதில் ஒரு நகல் பிள்ளைகளின் தாய்மாமனிடம் இருக்கட்டும்.