மேட்டிமை யாருடைய பாவம்?

(படப்பையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருடம் இந்தப் பக்கத்துச் சபை ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்குப் போயிருந்தேன். லூசிபர் எப்படி விழுந்தான் என்பதுதான் அன்றைய பிரசங்கம். மேட்டிமையால் விழுந்தான், தனக்கு மேலே இருந்தவருக்கு அடங்காமல் விழுந்தான் என்று சொல்லிக்கொண்டே வந்த போதகர், வேலை கொடுத்தவனுக்கு எதிராகக் கொடி பிடிப்பதும் அதே பாவம்தான் என்று முடித்தார். எனக்கு முன்வரிசையில் ஒரு தம்பி இருந்தான். ஒரகடத்தில் வேலை. சங்கத்தில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெளியே வந்ததும், "அண்ணா, நான் செஞ்சது பாவமா?" என்று கேட்டான். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பிரசங்கம் போதகரின் சொந்தச் சரக்கு இல்லை. அதற்கு 450 வயதுக்கு மேல் ஆகிறது.

1547இல் இங்கிலாந்துத் திருச்சபை ஒரு பிரசங்கத் தொகுப்பை அச்சிட்டது. குருமார் தங்கள் இஷ்டத்துக்குப் பேசிவிடக் கூடாது, இதை ஆலயத்தில் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கீழ்ப்படிதல் பற்றி அதில் தனியாக ஒரு பிரசங்கமே உண்டு. ரோமர் 13, 1 பேதுரு 2 எல்லாம் அதில் வரும். 1569இல் வட இங்கிலாந்தில் கலகம் வெடித்தது. தலைமை தாங்கியவர்கள் பிரபுக்கள். அடக்கிய பிறகு நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கில் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். கயிற்றோடு அரசு நிறுத்தவில்லை. 1570இல் கலகத்துக்கு எதிராக ஒரு நீண்ட பிரசங்கத்தையும் வெளியிட்டது. உலகின் முதல் கலகக்காரன் லூசிபர், கலகம் என்ற ஒன்றுக்குள் மேட்டிமை உட்பட எல்லாப் பாவங்களும் அடக்கம் என்றது அந்தப் பிரசங்கம்.

சரி, லூசிபர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஏசாயா 14ஆம் அதிகாரத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது தெரியுமா? விடிவெள்ளி. அந்த 12ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காமல் 3ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். கடினமான அடிமை வேலையிலிருந்து உனக்கு ஓய்வு கிடைக்கும் நாளில், பாபிலோன் ராஜாவைப் பார்த்து நீ இதைப் பாடு என்றுதான் அது தொடங்குகிறது. அதாவது, ஒடுக்கப்பட்டவர்கள் தங்களை ஒடுக்கிய பேரரசனைக் கேலி செய்து பாடும் பாட்டு அது. வானத்துக்கு ஏறுவேன் என்று நினைத்தவன் அந்த ராஜா. சிறைப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தவன் அவன். அடிமை ராஜாவைப் பார்த்துப் பாடிய பாட்டை எடுத்து, ராஜா அடிமையை அதட்டும் பிரசங்கமாக மாற்றியிருக்கிறார்கள்.

மேட்டிமை என்ற சொல்லையே பாருங்கள். அதற்குள் மேடு இருக்கிறது. பைபிள் அந்தப் பாவத்துக்காக யார் யாரை இடித்துரைக்கிறது? பார்வோன், நேபுகாத்நேச்சார் என்று சிம்மாசனத்தில் இருந்தவர்களை. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடுவது, பலவான்கள் ஆசனங்களிலிருந்து இறக்கப்படுவதைப் பற்றித்தான்.

கீழ்ப்படியச் சொல்லும் வசனங்கள் பைபிளில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கின்றன. முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படி என்று 1 பேதுரு 2:18 வேலைக்காரருக்குச் சொல்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது, யாரைப் பார்த்துச் சொல்வது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 1549இல் ஹியூ லாட்டிமர் அதே பைபிளை வைத்துக்கொண்டு, குத்தகையை ஏற்றிய நிலப்பிரபுக்களை ராஜாவின் முன்னாலேயே கண்டித்தார். 1807இல் லண்டனில் கரீபிய அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சானது. எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையான கதையை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற எபேசியர் 6ஐ விட்டுவைத்தார்கள். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று தெரிகிறதல்லவா?

நம் மண்ணுக்கு வருவோம். படப்பை அன்று செங்கல்பட்டு மாவட்டம். மிராசுதார்களின் நிலத்தில் நம் முன்னோர் படியாட்கள். குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதையெல்லாம் சொன்னது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்துக்காக அரசை விடாமல் வலியுறுத்தியவர்களில் செங்கல்பட்டு ஸ்காட்லாந்து மிஷன் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூவும் ஒருவர். அவர் கையில் இருந்ததும் இதே பைபிள்தான். பறிபோன பஞ்சமி நிலத்தைக் காரணையில் மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு இருந்தது மேட்டிமையா?

மேட்டிமை சபைக்குள்ளேயே இருக்கிறது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி கூடாது, எல்லோரும் ஒன்றாக நற்கருணை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதை ஏற்க மறுத்து வேப்பேரியில் பலர் சபையை விட்டே போனார்கள். கர்த்தரை விட்டாலும் விடுவோம், சாதியை விட மாட்டோம் என்பதுதானே அது? இன்றும் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி இருக்கிறது. இந்த மேட்டிமையைப் பற்றி எத்தனை ஞாயிறு பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

இன்னொரு சொல், விசுவாசம். கடவுளிடம் வைப்பதற்கும் அந்தப் பெயர்தான், முதலாளியிடம் காட்டுவதற்கும் அந்தப் பெயர்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை வாங்கிவிடுகிறார்கள். சாதி இந்துவின் விசுவாசம் தன் சாதியோடு நின்றுவிடுகிறது என்று 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். மேலே இருப்பவன் தன் சாதிக்கு விசுவாசமாக இருப்பான், நாம் மட்டும் அவனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து நடந்தால் அது திமிர். நம் சேரிப் பையன் புது பைக்கில் ஊர்த்தெரு வழியாகப் போனாலும் அதே சொல்தான். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் கேட்பது திமிர் இல்லை, அது உரிமை.

1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்ததும் இதே செங்கல்பட்டில்தான். பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லி அங்கே தீர்மானம் போட்டார்கள். எது மேட்டிமை, எது சுயமரியாதை என்பது நம் மாவட்டத்துக்கு அன்றைக்கே தெரியும்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். நீ செய்தது பாவமில்லை. யாராவது ஒரு வசனத்தை உன் தலையில் வைத்தால், அது முதலில் யாரைப் பார்த்துச் சொன்னது என்று கேள். அதற்கு முந்தைய வசனத்தையும் வாசிக்கச் சொல். அப்படிக் கேட்பதைத் திமிர் என்றால், ஏசாயா 14ஐத் திறந்து காட்டு.