வுட்வர்டு விட்டுக்கொடுத்த இடம்



விவியன் வுட்வர்டு. 1879-இல் லண்டனில் பிறந்தவர். தொழிலால் கட்டடக் கலைஞர். வாரம் முழுக்க வரைபடம் வரைவார். சனிக்கிழமை டாட்டன்ஹாம் கால்பந்து அணியின் முன்கள வீரராக இறங்குவார். அந்நாளில் தொழில்முறை வீரரின் உச்சவரம்புக் கூலி வாரத்துக்கு நான்கு பவுண்டு. அதையும் வாங்காமல் ஆடியவர் இவர். முரட்டு மோதல்களே ஆட்டம் என்றிருந்த காலத்தில், பந்தை லாகவமாகக் கடத்திச் செல்வதையே தன் பலமாகக் கொண்டிருந்தார். இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 29 கோல்கள். 1908-இல் வியன்னாவில் ஆஸ்திரியாவை 11-1 என வென்றபோது நான்கு கோல்கள் அவருடையவை. அதே ஆண்டிலும் 1912-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டன் அணிக்கு அவரே தலைவர்.

இத்தனை சாதித்தவருக்கு ஒன்று மட்டும் வாய்க்கவில்லை: எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். அந்நாளில் இங்கிலாந்தில் பந்தை உதைத்த ஒவ்வொரு சிறுவனின் கனவும் அதுதான். 1915-இல், டாட்டன்ஹாமுக்குப் பின் அவர் சேர்ந்திருந்த செல்சி அணி முதன்முறையாக அந்த இறுதிக்கு வந்தது. போர்க்காலம், வுட்வர்டு படையில் சேர்ந்திருந்தார். இறுதியாட்டத்தில் ஆட அவருக்கு விடுப்பு கிடைத்தது. வயது 35 ஆகிவிட்டது. இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை.

அவர் ஆடினால் வெளியே உட்கார வேண்டியவர் பாப் தாம்சன். ஒரு கண் பார்வை இழந்தவர். முந்தைய சுற்றுகளில் ஆடி அணியை அதுவரை கொண்டுவந்தவர்களில் ஒருவர். அந்த இடம் தாம்சனுக்கே உரியது என்று சொல்லி வுட்வர்டு ஆட மறுத்துவிட்டார். ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் செல்சி 0-3 எனத் தோற்றது. வுட்வர்டு ஆடியிருந்தால் வென்றிருக்குமோ என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறையில்லை. தோல்வியால் அவர் செய்தது தவறாகிவிடாது. வெற்றி கிடைத்திருந்தாலும் தாம்சனை வெளியே உட்கார வைப்பது சரியாகியிருக்காது.

1916-இல் போர்முனையில் கையெறி குண்டு வெடித்து வுட்வர்டின் தொடையில் காயம். போருக்குப் பின் எசெக்ஸில் பண்ணை வைத்து மாடு வளர்த்தார். சில ஆண்டுகள் செல்சியின் இயக்குநராகவும் இருந்தார். 1954-இல் காலமானார்.

மாணவச் செல்வங்களே, உங்களில் கெட்டிக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் பெயருக்கு மதிப்பு வந்த பிறகு, அடுத்தவர் முடித்த வேலையின் உச்சியில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தப் பலரும் முன்வருவார்கள். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர், திட்டத்துக்குத் தலைமை, மேடையில் விருது என்று அது வரும். அப்போது அந்த வேலையைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரை நீங்களே சொல்லி, அவரை மேடைக்கு அழையுங்கள்.