‘தூக்கம் வரல’ வேற, ‘தூக்கம் தேவைப்படல’ வேற: பைபோலார் பத்தி பேசலாம்

இன்னைக்கு எபிசோட் பைபோலார் டிஸ்ஆர்டர் பத்தி. தமிழ்ல இருதுருவக் கோளாறுன்னு எழுதுறாங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆள். மருத்துவ மாணவர்கள் மனநல வகுப்புல படிக்கிற ஒரு முக்கியமான பாடத்தை, நம்ம அளவுக்குப் புரியற மாதிரி பேசப்போறேன். எந்த மாத்திரை, எவ்வளவுங்கிறதெல்லாம் உங்க டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

ஒரு ஆளை மனசுல வெச்சுக்கோங்க. வயசு 25. பத்து நாளா ராத்திரி மூணு மணி நேரம்தான் தூங்குறான், ஆனா துளி சோர்வு இல்ல. வேகவேகமா பேசறான், ஒரு பேச்சை முடிக்கறதுக்குள்ள அடுத்ததுக்குத் தாவுறான். வேலையை விட்டுட்டு சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கப்போறேங்கிறான். ஆப்ல மூணு லோன் எடுத்தாச்சு. நண்பர்கள் எல்லாம் ‘மச்சான் செம ஃபார்ம்ல இருக்கான்’னு சொல்றாங்க. நாலு மாசம் கழிச்சுப் பார்த்தா அதே ஆள் கட்டிலை விட்டு எழுந்திருக்கல. குளிக்கல, சாப்பாடு இறங்கல, போன் எடுக்கல.

இவன் டாக்டர்கிட்ட எப்பப் போவான்? ரெண்டாவது நிலைமையில. அங்க போய் எதைச் சொல்லுவான்? ரெண்டாவது நிலைமையை மட்டும்தான். முதல் பத்து நாள் அவனுக்கு நோயாவே தெரியல. ‘என் வாழ்க்கையில நல்லா இருந்ததே அப்பதான்’னுதான் அவனுக்கு ஞாபகம். பைபோலாரைக் கண்டுபிடிக்கறதுல இருக்குற பெரிய சிக்கலே இதுதான். நோயோட பாதிக் கதையை நோயாளி சொல்றதே இல்ல.

சரி, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். பைபோலாரை உறுதி செய்ற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்னைக்கு வரைக்கும் இல்ல. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னா, அது தைராய்டு மாதிரி வேற காரணம் இருக்கான்னு பார்க்கறதுக்கு. போதைப்பொருள் ஏதாவது எடுக்கறீங்களான்னும் கேப்பாங்க, ஏன்னா அதுவும் இதே மாதிரி ஒரு ஆட்டத்தைக் காட்டும். மத்தபடி நோயைக் கண்டுபிடிக்கறது கேள்வி கேட்டுத்தான். நம்ம பாஷையில சொன்னா, எப்பவோ ஒருதரம் தலைகாட்டுற பக் மாதிரி. இந்த நிமிஷத்து ஸ்க்ரீன்ஷாட் உதவாது, பழைய லாக் வேணும்.

அந்த லாக்ல என்ன தேடுறாங்க? அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட டிஎஸ்எம்-5 கையேட்டுல இருக்குற அளவுகோலை எளிமையா சொல்றேன். மனச்சோர்வுன்னா, மனசு வாடிக் கிடக்கறது, எதுலயும் ஈடுபாடு இல்லாம போறது, இந்த ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும். அதோட தூக்கம், பசி, சோர்வு, குற்ற உணர்ச்சி, கவனக்குறைவு, சாவு பத்தின நினைப்புன்னு மொத்தம் ஒன்பது அறிகுறிகள்ல ஐஞ்சாவது ரெண்டு வாரம் தொடர்ந்து இருக்கணும்.

மேனியான்னா அதுக்கு எதிர்ப்பக்கம். மனசு அளவுக்கு மீறி எகிறும், இல்ல எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழும். கூடவே உடம்புல அசாத்திய வேகம். தன்னைப் பத்தின நினைப்பு வானத்துல இருக்கும், தூக்கத்தோட தேவை குறையும், பேச்சு நிக்காது, யோசனை ஓடிக்கிட்டே இருக்கும், கவனம் சிதறும், புதுசு புதுசா வேலையை இழுத்துப் போட்டுக்குவாங்க, பணத்துலயும் உறவுலயும் ஆபத்தான முடிவு எடுப்பாங்க. இது ஒரு வாரம் நீடிச்சு, வாழ்க்கையைப் புரட்டிப்போட்டா மேனியா. ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டிய அளவுக்குப் போயிட்டா ஒரு வாரக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டாங்க. இதே அறிகுறிகள் நாலு நாளாவது இருக்கு, ஆனா வேலையும் குடும்பமும் உடையலன்னா ஹைப்போமேனியா. ஒரு தடவை மேனியா வந்தாலே பைபோலார் 1. ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வந்திருந்தா பைபோலார் 2.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கணும். காலையில ஜாலி, சாயங்காலம் கடுப்பு, ‘ஐயோ நான் பைபோலார்’னு ரீல்ஸ் போடுறாங்க இல்லையா, அது பைபோலார் இல்ல, அது மனுஷனா இருக்கறது. இந்த நோய்ல பேசறது மணிக்கணக்கை இல்ல. நாள் கணக்கு, வாரக் கணக்கு, மாசக் கணக்கு.

இன்னொரு வித்தியாசம்தான் இந்த எபிசோடோட தலைப்பு. மனச்சோர்வுல இருக்குறவர் ‘தூக்கம் வரல’ம்பார். புரண்டு புரண்டு படுத்து, காலையில செத்த மாதிரி எழுந்திருப்பார். மேனியாவுல தூக்கம் தேவைப்படல. ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு சிங்கம் மாதிரி எழுந்திருப்பார். அதனால மனச்சோர்வுன்னு வர்றவங்ககிட்ட நல்ல டாக்டர் தவறாம கேக்குற கேள்வி: ‘கம்மியா தூங்கியும் சோர்வே இல்லாம, வழக்கத்தைவிட அதிக வேகத்துல இருந்த நாட்கள் உங்களுக்கு எப்பவாவது இருந்திருக்கா?’ அடுத்து, ‘குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?’ இந்த நோய்ல பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு. மூணாவதா, கூட வந்தவரைப் பார்த்து, ‘நீங்க சொல்லுங்க, இவர் எப்படி இருந்தார்?’

இதைக் கேக்கலன்னா என்ன ஆகும்? மனச்சோர்வுன்னு மட்டும் முடிவு பண்ணி, அதுக்கான மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா, பைபோலார் இருக்குற சிலருக்கு அது மேனியாவைத் தூண்டிவிடலாம். அதனாலதான் பழைய கதை அவ்வளவு முக்கியம். ஆனா ஒண்ணு, இதைக் கேட்டுட்டு யாரும் இப்ப சாப்பிடுற மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. இந்தச் சந்தேகத்தை டாக்டர்கிட்ட கொண்டு போங்க, அது போதும்.

2012-ல வந்த ‘3’ படம் ஞாபகம் இருக்கா? கொலவெறி பாட்டுக்காக எல்லாருக்கும் தெரியும். தனுஷ் கதாபாத்திரத்துக்கு அதுல பைபோலார். நம்மள்ல நிறைய பேர் இந்த வார்த்தையை முதல்ல கேட்டதே அங்கதான். வன்முறை, மாயத்தோற்றம்னு படம் மிரட்டும். நிஜத்துல தீவிரமான கட்டத்துல சிலருக்கு மாயத்தோற்றம் வரலாம், எல்லாருக்கும் வராது. பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கறதும் இல்ல. ஆனா படம் ஒரு விஷயத்தைச் சரியா பிடிச்சிருக்கு. நோய் இருக்குன்னு நண்பனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. அந்த மறைப்புதான் அந்தக் குடும்பத்தைச் சாய்க்குது.

சிகிச்சைக்கு வருவோம். இதுல மூத்த மருந்து லித்தியம். ஆமா, உங்க போன் பேட்டரியில இருக்குற அதே தனிமம், மருந்துல உப்பு வடிவத்துல இருக்கும். ஜான் கேட்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர். ரெண்டாம் உலகப்போர்ல சிங்கப்பூர் சாங்கி முகாம்ல போர்க்கைதியா இருந்தவர். ஊர் திரும்பி மெல்போர்ன்ல ஒரு மனநல ஆஸ்பத்திரியில வேலை பார்த்தப்ப, லித்தியம் ஊசி போட்ட கினிப்பன்றிகள் அமைதியாகறதைக் கவனிச்சார். முதல்ல தானே சாப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் 1948-ல, வருஷக்கணக்கா மேனியாவுல தவிச்ச ஒருத்தருக்குக் கொடுத்தார். சில மாசத்துல அவர் வீட்டுக்கே போயிட்டார். 1949-ல கேட் இதைக் கட்டுரையா வெளியிட்டார்.

கதை அங்க முடியல. வீட்டுக்குப் போனவர் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்ப வந்தது. மறுபடி மருந்து ஆரம்பிச்சாங்க. 1950-ல அவர் இறந்தது லித்தியம் உடம்புல நஞ்சானதால. அளவு தெரியாம கொடுத்த காலம் அது. இன்னைக்கு இந்த மருந்து எடுக்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ரெண்டு விஷயமும் அந்த முதல் நோயாளியோட கதையிலேயே இருக்கு: நிறுத்தினா நோய் திரும்பும், அளவு மீறினா ஆபத்து.

அதனாலதான் லித்தியம்னா கூடவே ரத்தப் பரிசோதனையும் உண்டு. வழக்கமா லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிஈக்விவலன்ட் வரைக்கும் வெச்சுக்கப் பார்ப்பாங்க. 1.5-ஐத் தாண்டினா நஞ்சாகற அபாயம். தைராய்டையும் கிட்னியையும் கூட அப்பப்ப பார்க்கணும். மே மாச சென்னை வெயில்ல வேர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதியானாலோ உடம்புல தண்ணி குறைஞ்சு, ரத்தத்துல லித்தியம் ஏறும். உப்பைத் திடீர்னு குறைச்சாலும் ஏறும். தலைவலின்னு மெடிக்கல் ஷாப்ல சொந்தமா இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டாலும் ஏறும். கை ரொம்ப நடுங்கறது, நடை தள்ளாடறது, நாக்கு குழறறது, வாந்தி, இதெல்லாம் வந்தா மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

லித்தியம் மட்டும்தான் வழின்னு இல்ல. வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், க்வெட்டியாபின், ஓலான்ஸபின்னு வேற மருந்துகளும் இருக்கு. இதுல வால்ப்ரோயேட் கர்ப்பத்துல குழந்தையைப் பாதிக்கும். அதனால பெண்கள் இந்தப் பேச்சை டாக்டர்கிட்ட முன்னாடியே எடுத்துடணும்.

இவ்வளவு இருந்தும் ஏன் மருந்தை நிறுத்துறாங்க? பக்கவிளைவு ஒரு காரணம். இன்னொண்ணு, அந்த உச்சத்துல இருந்த நாட்களோட ஏக்கம். ‘மாத்திரை போட்டா நான் நானாவே இல்ல’ங்கிற வார்த்தையைச் சோம்பேறித்தனம்னு தள்ளாதீங்க. ஒரு மனுஷன் தனக்குப் பிடிச்ச தன்னையே விட்டுக்கொடுக்கறான், அது நிஜமான இழப்பு. அதை டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொன்னா டோஸை மாத்தலாம், மருந்தை மாத்தலாம். சொல்லாம நிறுத்தினா எதுவும் பண்ண முடியாது.

மருந்துக்கு அடுத்து, தூக்கம். தூக்கம் கெட்டா மேனியா கிளம்பலாம். நைட் ஷிப்ட், ரிலீஸ் நைட், ஆன்-கால்னு வாழுற நம்ம துறைக்கு இது ரொம்ப முக்கியம். பைபோலார் இருக்குறவர் ‘எனக்கு நைட் ஷிப்ட் வேண்டாம்’னு கேட்டா அது சலுகை இல்ல, சிகிச்சையோட ஒரு பகுதி. தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினோம், மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒரே வரி எழுதி வெச்சாலும் போதும். டாக்டருக்கு அதைவிட நல்ல லாக் கிடையாது.

அப்புறம், நல்லா இருக்கும்போதே ஒரு ஏற்பாடு பண்ணி வைக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதுக்கு இடம் கொடுக்குது. நிலைமை மோசமானா எனக்கு எந்தச் சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உங்க சார்பா பேச ஒருத்தரை நீங்களே நியமிக்கலாம். உடல்நோய்க்குக் கிடைக்கிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கணும்னும் அந்தச் சட்டம் சொல்லுது. உங்க பாலிசியை ஒருதரம் எடுத்துப் படிங்க.

கடைசியா நண்பர்களுக்கு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, ஒரே மூச்சுல பத்து திட்டம் சொல்ற நண்பனைப் பார்த்து உடனே ‘உனக்கு நோய்’னு முத்திரை குத்தாதீங்க. ‘எத்தனை நாளா இப்படித் தூங்காம இருக்க?’ன்னு மட்டும் கேளுங்க. நாள் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவன் டாக்டர்கிட்ட போற அன்னைக்குக் கூடப் போங்க. அவனுக்கே தெரியாத பாதிக் கதை உங்ககிட்டதான் இருக்கு.

சாகணும்னு ஒருத்தர் சொன்னா அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, அவரைத் தனியா விடாதீங்க. டெலி மானஸ் நம்பர் 14416, மத்திய அரசோட சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில இருக்குறவங்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, 1794-ல ஆரம்பிச்சது. அந்தப் பேரை வெச்சு நாம அடிச்ச ஜோக்கெல்லாம் போதும், அது வைத்தியம் பாக்குற இடம்.

கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். இன்னைக்கு நேரத்துக்குத் தூங்குங்க.