காதுதான் முதல் வாத்தியார்



ஆங்கிலம் பேசிப் பழகப் பெரிதும் துணை நிற்பது இலக்கணமா, வீட்டுக் கதையா? வீட்டுக் கதையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார், “எழுத்துக் கூட்டிப் படிச்சா உச்சரிப்பு தானா வந்துடும்”னு. ஐயா, ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகளோ, பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 என்று கணக்கு. எழுத்தை நம்பினால் புதன்கிழமையை ‘வெட்னெஸ்டே’ன்னு சொல்லணும். அவங்க ‘வென்ஸ்டே’ங்கறாங்க. ‘நைஃப்’ என்ற சொல்லுக்கு முன்னாடி ஒரு ‘கே’ நிற்குது. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி, வாயே திறக்கிறதில்லை! (சிரிப்பு)

எங்க பெரியம்மா எட்டாவது வரை படிச்சவங்க. பேரன் பிறந்து வளர்ந்தது நியூஜெர்ஸியில். அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் ‘பாட்டி’ங்கிற ஒரே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், ரெண்டு பேரும் சிரிப்பாங்க, அப்புறம் சும்மா இருப்பாங்க. சொந்த ரத்தத்துக்கு நடுவில் ஒரு மொழி வந்து சுவராக நின்றது.

ஒருநாள் பெரியம்மா துணிஞ்சு, “ஸ்கூல்ல என்ன நடந்தது?”ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. அவன் தண்ணி பாட்டில் கொட்டின கதையைச் சொன்னான். காதில் விழுந்தது ‘வாடர்’. இவங்களுக்கு ‘வாட்டர்’ தெரியும். ‘வாடர்’ யாருன்னு தெரியலை! திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டாங்க. அமெரிக்கர் வாயில் அந்த ‘ட்ட’, நம்ம ‘பாடம்’ என்ற சொல்லில் வர்ற ‘ட’ மாதிரி மென்மையாயிடும். அதைச் சொல்லிக்கொடுத்தது எந்த இலக்கணம்? பேரன் கொட்டின தண்ணி ஐயா! (கைதட்டல்)

அடுத்த வாரம் இவங்க முறை. மொட்டைமாடிக்கு வந்த குரங்கு வாழைப்பழம் தூக்கிட்டுப் போன கதை. நாம ‘பனானா’ன்னு மூணு அசையையும் சமமாச் சொல்றோம். பேரன் நடு ‘னா’வை மட்டும் அழுத்தி, முன்னையும் பின்னையும் பாதி விழுங்கிக் காட்டினான். அந்தக் கதையை ஏழெட்டுத் தடவை சொன்னதில் அந்த ஓசை பாட்டி நாக்கில் உட்கார்ந்துடுச்சு.

பெர்னார்ட் ஷா எழுதி 1913-ல் மேடையேறிய ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூக்காரப் பெண்ணுக்கு உச்சரிப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொடுக்கிறார் ஒரு பேராசிரியர். சபையில் அவள் மனப்பாடம் செய்த வானிலைப் பேச்சை ஒப்பிக்கிறாள். பேச்சு உயிர் பெறுவது எப்போது? தன் அத்தை செத்த கதையை அவள் எடுக்கும்போதுதான்!

இலக்கணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேலி. பயிர் விளைவது காதில். இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளையிடம், “இன்னிக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லட்டும். தப்பு வந்தால் சிரிக்காதீர்கள். சிரித்தால் அந்த வாய் மூடிவிடும்.

ஆகவே, வீட்டுக் கதையே என்று தீர்ப்பளிக்க நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.