வித்தையும் நூலகமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘வித்தை’ என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் பயந்து நிற்கின்றது. பிள்ளை வித்தை கற்கப் பள்ளி செல்கின்றான். செப்படிவித்தைக்காரன் சந்தையில் வித்தை காட்டுகின்றான். ‘தந்திரம்’ என்பதும் அத்தகையதே. இன்று அது சூழ்ச்சியைக் குறிப்பினும், நூல் என்பதும் அதன் பழம்பொருள்களுள் ஒன்றாம். திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாக வகுக்கப்பட்டிருத்தலை நீவிர் அறிவீர். கல்வியும் கண்கட்டும் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடப்பதை நினைவிற் கொண்டே நாம் இன்று ஒரு விண்ணப்பத்தோடு உங்கள் முன் நிற்கின்றோம்.

வரும் கோடை விடுமுறையில் ஒரு சனி ஞாயிறு இரு நாட்களும் நம் ஊர்ப் பொது நூலகத்தில் சிறுவர் முதல் முதியோர் ஈறாக யாவர்க்கும் வித்தை வகுப்புகள் நடத்தித் தருமாறு நூலகரை வேண்டுதல் வேண்டும். அதற்காகும் செலவை நம் சங்கத்தின் கல்வி நிதி ஏற்றல் வேண்டும். இஃதே அவ்விண்ணப்பம்.

“நூலகத்தில் வேடிக்கையா?” என்று பெரியோர் சிலர் வினவினர். அவர்கட்கு விடையாக, நம் நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தியைக் கூறுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்று, மகளின் கல்லூரிப் படிப்பிற்கென மாந்தோப்பை விற்றுச் சேர்த்த பொருளை ஒரு செப்புக் கலசத்திற்காக இழந்தது. ‘அரிசியை இழுக்கும் கலசம், உள்ளே இரிடியம் உள்ளது, கோடிக்கணக்கில் விலைபோகும்’ என்றனர் வந்தவர். கண்ணெதிரே அரிசி நகர்ந்து சென்று கலசத்தில் ஒட்டியதாம். அக்குடும்பம் மானத்திற்கு அஞ்சி வாய் மூடியது. அப்பெண்ணின் ஆசிரியர் என்ற முறையில் உண்மையை அறிந்திருந்த நாமும் வாய் மூடினோம். ஈராண்டு கழிந்தபின் மற்றொரு குடும்பம் அதே கலசத்தில் வீழ்ந்தது. முன்னரே பேசியிருப்பின் இரண்டாம் குடும்பம் பிழைத்திருக்கும் அன்றோ? அப்பழியில் நமக்கும் பங்குண்டு.

அவ்வித்தையின் உட்பொருள்தான் யாது? அரிசிக்குள் இரும்பு நுண்கம்பியைப் புகுத்திக் கலசத்துள் காந்தத்தை ஒளித்தல் ஒரு வழி. இரிடியம் என்பது பிளாட்டின இனத்தைச் சேர்ந்த ஓர் உலோகம். நம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் இருசக்கர வண்டி செய்யும் இளைஞரைக் கேளுங்கள். சிலவகை ஸ்பார்க் பிளக்கின் முனையில் அது இருக்கும் என்பர். அரிசியை இழுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பத்து நிமிடத்தில் கற்பிக்கத்தக்க இச்செய்தி ஒரு தோப்பைக் காத்திருக்கும்.

“தந்திரம் கற்பித்தால் பிள்ளைகள் ஏமாற்றக் கற்பார்களே” என்பது அடுத்த ஐயம். 1584 இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பார், சூனியக்காரர் என்று ஏழைகளைப் பிடித்துத் தண்டிக்கும் கொடுமையைக் கண்டு வருந்தி ஒரு நூல் எழுதினார். கை மறைப்பு வித்தைகளின் மறைபொருளை அந்நூலில் விளக்கினார். இரக்கத்தாற் பிறந்த நூல் அது. பூட்டுக்களினின்று விடுபடுவதிற் புகழ்பெற்ற ஹூடினி, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிப் பொருள் பறித்தோரை வெளிப்படுத்தினார். 1926 இல் மறைந்தபோது, தாம் தொகுத்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு உரிமையாக்கினார். வித்தைக்காரர் பெருமான் தம் செல்வத்தை நூலகத்திலன்றோ வைத்தார்!

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009 இல் மறைந்த பி. பிரேமானந்த் ஊர் ஊராகச் சென்று, விரலிடுக்கில் மறைத்த சாம்பல் உருண்டையைப் பொடித்துத் திருநீறு வரவழைத்துக் காட்டுவார். பின் அதன் வழியையும் சொல்லிவிடுவார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ‘மந்திரமா தந்திரமா’ என்னும் பெயரில் இத்தகைய காட்சிகளை நடத்தியுள்ளனர். எல்லைக்கு அப்பால், 1976 இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்தார். இவை பக்திக்குப் பகை என்று எவரும் எண்ணற்க. திருநீற்றின் பெருமை அணிவோன் நெஞ்சில் உள்ளது. ஒருவன் விரலிடுக்கில் இல்லை.

வகுப்புகள் எவ்வாறு அமையலாம்? சிறுவர்க்குக் கயிறும் நாணயமும் கொண்டு கைவித்தை. மாணவர்க்கு இரசாயனம்: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் சிந்தினால் சிறிது பொழுதில் தீ தானே எழும், நெய் வார்த்தவுடன் ஓமத்தீ மூண்டது என்பாரின் மறைபொருள் இதுவே. இதனை ஆசிரியர் ஒருவரே செய்து காட்டுக. தாய்மார்க்கு இது புதிதன்று: மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி எடுக்கும் ஒவ்வொருவரும் அறிந்ததே. அச்சிவப்பையே இரத்தம் என்று காட்டி ஒருவன் காசு கேட்குங்கால் அஞ்சுவானேன்? முதியோர்க்குத் தனி வகுப்பு வேண்டா, அவர்களே ஆசிரியராகுக. துணிக்கடியில் மாங்கொட்டை முளைத்துக் கன்றாகும் வித்தையைக் கண்டோர் இங்கே பலர் இருப்பீர். ஒட்டுமாங்கன்று காய்க்க ஆண்டுகள் பல ஆகும் என்றறிந்த கிருஷ்ணகிரி உழவரும் அன்று வாய்பிளந்து நின்ற கதையைப் பேரப்பிள்ளைகட்குச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. “நம் மண்டபத்திலேயே, நம் பிள்ளைகட்கு மட்டும் நடத்தலாமே” என்றார் ஓர் அன்பர். அவர் அன்பை மதிக்கின்றோம், கருத்தை ஏற்கவொண்ணாது. என்னை? கலசம் கொண்டுவந்தவன் அயலான் அல்லன். ‘நான் உங்களவன், உங்கள் குலம்’ என்று உறவுமுறை சொல்லியே அவன் திண்ணையில் அமர்ந்தான். நம்மவன் என்ற ஒன்றினாலேயே நாம் ஆராயாது நம்பினோம். ஆதலின் நமக்குள்ளேயே கதவடைத்துக் கற்பது போதாது. பொது நூலகமோ எல்லார் வரியாலும் நடைபெறுவது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் 1948 இல் நம் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. அதன்பொருட்டு உழைத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகள் அங்கே ஒரே பாயில் அமர்ந்து ஒரே முடிச்சை அவிழ்க்கட்டும். “அது எப்படி?” என்று அஞ்சாது கேட்கும் பழக்கம் அங்கே வளரட்டும்.

வித்தைக்காரன் மறைப்பது தொழில். ஏமாந்தவன் மறைப்பது நாணத்தால். பின்னதே அதிகக் கேடு செய்கின்றது. இழந்தோர் எவரேனும் இச்சபையில் இருப்பின், அவ்விரு நாட்களில் ஒன்றில் எழுந்து பேசுமாறு வேண்டுகின்றோம். முதற்கண் நாமே எழுந்து, நாம் மௌனமாயிருந்த கதையை அங்கே சொல்லுவோம்.

சங்கம் இத்தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு வணங்கி அமைகின்றோம்.