ஆர்னிகா குப்பியும் தலையில் பட்ட அடியும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்துல ஒரு ஊக்குநர் அக்கா, "முதலுதவிப் பெட்டியில ஆர்னிகா வாங்கி வைக்கலாமா மேடம்?"னு கேட்டாங்க. ஆர்னிகா என்றதும் பாதிப் பேருக்கு தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்தான் ஞாபகம் வரும். அக்கா கேட்டது ஓமியோபதிக் கடையில் கிடைக்கிற வெள்ளை உருண்டையை. பிள்ளை விழுந்தாலும், கதவில் விரல் நசுங்கினாலும், பல் பிடுங்கினாலும் நிறைய வீட்டில் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆர்னிகா ஐரோப்பாவில் மலைப்பகுதியில் வளரும் மஞ்சள் பூச்செடி. சூரியகாந்தி குடும்பம். ஊமைக்காயத்துக்கு, வீக்கத்துக்கு அங்கே பலகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். குப்பியில் "30" என்று போட்டிருக்கும். ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு என்று கலந்து, அதை 30 தடவை திரும்பத் திரும்ப நீர்த்தது என்று அர்த்தம். அவ்வளவு நீர்த்தபிறகு செடியின் சத்து அதில் மிஞ்சாது. அதனால் பெரிய கெடுதலும் இல்லை. சோதித்துப் பார்த்ததில், வெறும் சர்க்கரை உருண்டையைவிட இது கூடுதலாகக் கேட்கிறது என்று நிரூபணமாகவும் இல்லை. "எனக்குக் கேட்டுச்சே!" என்பீர்கள். ரத்தக்கட்டு நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்தில் கரைந்துவிடும், அக்கா.

அதே பெயரில் "மதர் டிங்சர்" என்று திரவமாகவும் விற்கிறார்கள். அது வேறு. அதில் செடியின் சாறு இருக்கிறது, குடித்தால் விஷம். பிள்ளைங்க கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க. ஆர்னிகா களிம்பையும் தோல் கிழிந்த இடத்தில், கண் பக்கத்தில் பூசக் கூடாது. அருவா வெட்டு, ஆணி குத்தினதுக்கெல்லாம் ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துல ரண ஜன்னி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

எனக்கு உருண்டையில் பயமில்லை. உருண்டை கொடுத்தபிறகு வருகிற நிம்மதியில்தான் பயம். பிள்ளை திண்ணையிலிருந்து தலைகுப்புற விழுகிறது. நாலு உருண்டை கொடுத்து, "சரியாப் போச்சு, தூங்கட்டும்" என்று படுக்கப் போட்டுவிடுகிறோம். தலைக்குள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே வீக்கம்கூட தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகுகூட மோசமாகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், குழறின பேச்சு, வலிப்பு, கை கால் இழுத்துக்கொள்வது, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணி மாதிரியோ வடிவது - இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. விழுந்ததும் கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் தலையில் அடிபட்டால், அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

கை கால்ல சாதாரண வீக்கம்னா, ஐஸை துணியில் சுற்றி 15 நிமிஷம் ஒத்தடம். ஐஸ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணியில் நனைச்ச துணி போதும். முதல் இரண்டு நாள் சுடு எண்ணெய் போட்டு வழிக்காதீங்க, வீக்கம் கூடும். ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு உடைந்திருக்கலாம்.

இன்னொன்று. ஒரு வீட்டில் மட்டும் அடிக்கடி ரத்தக்கட்டுக்கு மருந்து கேட்டு வந்தால், அந்த அக்காவைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். படியில் விழுந்தேன் என்றுதான் முதலில் சொல்வார்கள். அவசரப்படுத்தாதீங்க. 181 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

பெட்டி விஷயத்துக்கு வர்றேன். குழுப் பணத்தில் முதலில் பஞ்சு, கட்டுத்துணி, கத்தரி, சோப்பு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குங்க. ஆர்னிகா வேணும்னு நினைக்கிறவங்க சொந்தக் காசில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தலையில் அடிபட்டால் பார்க்க வேண்டிய அறிகுறிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்க. படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு பிரதிநிதிகள் வாசித்துக் காட்டணும். அடுத்த மாதம் வரும்போது எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பேன்.